இரவு எட்டு மணி நிகழ்ச்சி: அமெரிக்க கேபிள் செய்தி எப்படி இயங்குகிறது?

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினால் போதும், நம் வாட்ஸாப் குழுக்களிலும் சின்னச் சின்ன வீடியோ துண்டுகள் வந்து விழத் தொடங்கிவிடும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கேமராவை நேராகப் பார்த்து ஓர் அரசியல் தலைவரை வாங்கு வாங்கென்று வாங்குவார். மூலையில் சேனலின் பெயர், அடியில் பரபரப்பான தலைப்பு. கூடவே "அமெரிக்க நியூஸ்லயே சொல்லிட்டாங்க பாருங்க" என்று ஒரு வரி. சிலர் அதைச் செய்தி அறிக்கை என்றே நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் "காசுக்குக் கத்துகிற கூட்டம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

அந்தத் துண்டு வெட்டி எடுக்கப்பட்ட இடம் ஒரு தனி வகை நிகழ்ச்சி. அதற்கென்று ஒரு வரலாறு, ஒரு கட்டுமானம், காசு வருவதற்கு ஒரு வழி எல்லாம் உண்டு. பொதுப்படையாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன்: 2003 முதல் 2011 வரை எம்எஸ்என்பிசி சேனலில் வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு கீத் ஓல்பர்மன் நடத்திய 'கவுன்ட்டவுன்'. இந்த வகை நிகழ்ச்சியின் எலும்புகள் அதில்தான் வெளியே நன்றாகத் தெரிந்தன.

## நெட்வொர்க் வேறு, கேபிள் வேறு

அமெரிக்காவில் ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் ஆகிய மூன்றும் பழைய பெரிய நிறுவனங்கள். இவை காற்றில் அலைகளாக நிகழ்ச்சிகளை அனுப்புபவை. ஆன்டெனா இருந்தால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இவற்றைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள். இவற்றின் மாலைச் செய்தி அரை மணி நேரம். 1963 செப்டம்பர் வரை அது 15 நிமிடமாகத்தான் இருந்தது. வால்டர் கிரான்கைட் வாசித்த சிபிஎஸ் செய்தி அந்த மாதம் 30 நிமிடமானது, ஒரு வாரத்தில் என்பிசியும் அதே வழிக்கு வந்தது. விளம்பரம் போக மிஞ்சும் சுமார் இருபது நிமிடத்துக்குள் நாட்டு நடப்பு, உலக நடப்பு எல்லாவற்றையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஒன்றிரண்டு நிமிடம்தான்.

கேபிள் சேனல் வீட்டுக்குள் ஒயர் வழியாக வருவது. மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும்தான். 24 மணி நேரமும் செய்தியே என்ற கேபிள் சேனலை முதலில் தொடங்கியவர் டெட் டர்னர். 1980 ஜூன் 1 அன்று அட்லான்டாவிலிருந்து சிஎன்என் ஒளிபரப்பைத் தொடங்கியது.

இங்கே காசு வரும் வழியைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்டில் ஏறாமலே வருஷக்கணக்கில் இருக்கலாம். ஆனாலும் மாதாமாதம் கட்டுகிற மெயின்டனன்ஸில் லிஃப்டுக்கான பங்கும் சேர்ந்தே போகிறது. கேபிள் சந்தாவும் இப்படித்தான். ஒரு வீட்டில் யாரும் எம்எஸ்என்பிசியையோ ஃபாக்ஸ் நியூஸையோ பார்க்காவிட்டாலும், அந்த வீட்டுச் சந்தாவிலிருந்து அந்தச் சேனல்களுக்கு மாதம் ஒரு தொகை போய்ச் சேரும். இதற்குப் பெயர் இணைப்புக் கட்டணம்: சேனலைத் தன் தொகுப்பில் வைத்திருப்பதற்காக கேபிள் நிறுவனம் சந்தாதாரர் ஒருவருக்கு இவ்வளவு என்று சேனலுக்குக் கொடுக்கும் தொகை. விளம்பர வருமானம் இதற்கு மேல் தனி.

இந்தக் கட்டணத்தை ஒரு சேனல் எப்படி உயர்த்திக் கேட்கும்? "எங்களைத் தொகுப்பிலிருந்து எடுத்தால் உங்கள் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள்" என்று சொல்ல முடிந்தால் கேட்கலாம். அப்படிச் சண்டைக்கு வர, அரைகுறை ஆர்வத்தோடு பார்க்கும் பெருங்கூட்டம் போதாது. ஒருநாள் விடாமல் வந்து உட்காரும் ஆட்கள் வேண்டும். எண்ணிக்கையில் அவர்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நெட்வொர்க் மாலைச் செய்திக்கு எல்லாரும் வேண்டும், கேபிள் இரவு நிகழ்ச்சிக்குத் தன்னுடைய ஆட்கள் வேண்டும். இனி நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவை.

## "1987-இல் சட்டத்தை எடுத்தார்கள், எல்லாம் கெட்டது" என்பது சரியா?

இந்த விஷயத்தில் படித்தவர்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் தவறு ஒன்று உண்டு. நியாயக் கோட்பாடு என்று ஒரு விதி இருந்தது: சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை ஒளிபரப்ப வேண்டும், அப்போது மாற்றுக் கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும். ஒளிபரப்பு உரிமம் தரும் அரசு ஆணையமான எஃப்சிசி 1949-இல் கொண்டுவந்த விதி அது. 1987-இல் அந்த ஆணையமே அதைக் கைவிட்டது. அதனால்தான் கேபிளில் ஒருதலைப்பட்சமான பேச்சு பெருகியது என்பது பரவலான வாதம்.

அந்த விதி உரிமம் வாங்கிக் காற்றலைகளைப் பயன்படுத்தியவர்களுக்கானது. அலைவரிசைகள் குறைவு, அவை பொதுச் சொத்து, ஆகவே வாங்கியவருக்குக் கடமை உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. 1969-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றுக்கொண்டதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். ஒயர் வழியாக வரும் சேனல் அந்தக் காற்றலையைத் தொடுவதே இல்லை. விதி நீடித்திருந்தாலும் ஃபாக்ஸ் நியூஸையோ எம்எஸ்என்பிசியையோ அது கட்டுப்படுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது.

விதி போனதன் நேரடி விளைவு வானொலியில் தெரிந்தது. வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் பேச்சு நிகழ்ச்சி 1988-இல் நாடு முழுக்கப் போனது. ஒரே ஆள் மணிக்கணக்கில் தன் கருத்தைப் பேசினாலும் கேட்க ஆள் இருக்கிறது என்பது அங்கே நிரூபணமானது. கேபிள்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

## செய்திச் சேனலுக்கு ஏன் ஒரு முகம் தேவைப்பட்டது?

1991 வளைகுடாப் போரின்போது உலகமே சிஎன்என் பார்த்தது. ஆனால் போர் தினமும் நடப்பதில்லை. பெரிய சம்பவம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் செய்திச் சேனலைப் போட ஒருவருக்கு என்ன காரணம் இருக்கிறது? 24 மணி நேரச் செய்தியின் நிரந்தரத் தலைவலி இது.

குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ஆளைப் பார்க்க வரவைப்பதுதான் இதற்குக் கிடைத்த மருந்து. சிஎன்என்னில் 1985-இல் தொடங்கிய லாரி கிங்கின் நேர்காணல் நிகழ்ச்சி 2010 வரை ஓடியது. அன்றைக்குச் செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சஸ்பெண்டர் போட்ட லாரி கிங் இருப்பார்.

1996-இல் போட்டி சூடானது. ஜூலை 15 அன்று மைக்ரோசாஃப்டும் என்பிசியும் சேர்ந்து எம்எஸ்என்பிசியைத் தொடங்கின. அக்டோபர் 7 அன்று ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. புதுச் சேனலைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ள, ஃபாக்ஸின் உரிமையாளர் ரூபர்ட் முர்டாக் கேபிள் நிறுவனங்களுக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு 10 டாலர் வரை தானே கொடுக்க முன்வந்தார். வழக்கத்துக்கு நேர் எதிரான ஏற்பாடு அது. முதல் நாளிலிருந்தே அங்கே பில் ஓ'ரைலி இருந்தார். அவர் நிகழ்ச்சி 1998-இல் இரவு எட்டு மணிக்கு மாறியது, 'தி ஓ'ரைலி ஃபேக்டர்' என்று பெயரும் மாறியது. கேபிள் செய்தியில் பல ஆண்டுகள் அதுதான் முதலிடம்.

இரவு எட்டு முதல் பதினொன்று வரையிலான, அதிகம் பேர் டிவி முன்னால் இருக்கும் இந்த நேரத்துக்கு பிரைம் டைம் என்று பெயர். பகலில் அதே சேனலில் செய்தியாளர்கள் களத்திலிருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இருட்டியதும் மேசை ஒருவர் கைக்குப் போய்விடும். ஒரே சேனல், ஒரே லோகோ, ஆனால் உள்ளே நடப்பது வேறு வேலை.

## கவுன்ட்டவுன் பிறந்த கதை

ஓல்பர்மன் விளையாட்டுச் செய்தியிலிருந்து வந்தவர். இஎஸ்பிஎன்னின் 'ஸ்போர்ட்ஸ்சென்டர்' நிகழ்ச்சியில் டான் பேட்ரிக்கோடு சேர்ந்து பெயர் வாங்கினார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்கோரை மட்டும் சொன்னால் பார்வையாளர் தங்கமாட்டார், சொல்லும் விதத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை அவர் அங்கேதான் பழகினார். வேகமும் சொல் விளையாட்டும் எழுதி வைத்துப் படிக்கும் நீண்ட வாக்கியங்களும் அங்கிருந்து கூடவே வந்தவை.

1997-இல் எம்எஸ்என்பிசிக்கு வந்தார். அடுத்த ஆண்டு அதிபர் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியில் இருந்த மோனிகா லூயின்ஸ்கிக்கும் இருந்த உறவு பற்றிய விவகாரம் வெடித்தது. இரவுக்கு இரவு அதே கதை, அதே விருந்தினர்கள். அவர் வெறுத்துப் போய், கார்னெல் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா உரையில் அந்த வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் சேனலை விட்டும் போனார்.

திரும்பி வந்தது 2003-இல், இராக் போரின்போது. எம்எஸ்என்பிசியின் எட்டு மணி நேரத்தில் அதற்கு முன்பு ஃபில் டோனஹ்யூ இருந்தார். போருக்கு எதிரான குரல்களுக்கு அவர் இடம் கொடுத்தார். அந்தச் சேனலில் அப்போது அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியும் அவருடையதுதான். போர்க்காலத்தில் என்பிசிக்கு அவர் சங்கடமான முகமாக இருப்பார் என்று சொன்ன உள் அறிக்கை ஒன்று பிறகு வெளியே கசிந்தது. பிப்ரவரியில் அவர் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். அந்த இடத்தை நிரப்பியது 'கவுன்ட்டவுன்: இராக்' என்ற போர்ச் செய்தித் தொகுப்பு. போர் தொடங்கியதும் பெயரின் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, மார்ச் 31 அன்று ஓல்பர்மனை உட்காரவைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். கேபிள் இரவு நிகழ்ச்சியின் ஆள் தேர்வில் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல. அந்தந்தக் காலத்தின் அச்சமும் கணக்கும் அதில் இருக்கும். எந்தச் சேனலின் எந்த முகத்தைப் பார்த்தாலும் இதை மறக்கக் கூடாது.

## ஒரு மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால்

விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு பகுதியையும் பிளாக் என்பார்கள். முதல் பகுதி ஏ-பிளாக், அடுத்தது பி-பிளாக், இப்படியே போகும். எந்தப் பிளாக்கில் எது, எத்தனை நிமிடம், யார் விருந்தினர் என்ற வரிசைப் பட்டியல்தான் ரன்டவுன். பகல் கூட்டத்தில் அது உருவாகி, நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் மாறிக்கொண்டே இருக்கும்.

கவுன்ட்டவுன் இந்தப் பட்டியலையே எடுத்து பார்வையாளர் முன்னால் வைத்துவிட்டது. ஐந்து செய்திகள், ஐந்தாம் எண்ணிலிருந்து ஒன்றை நோக்கி இறங்கும். ஆரம்பத்திலேயே ஐந்துக்கும் ஒவ்வொரு வரி முன்னோட்டம் கொடுத்து, "இவற்றில் எதைப் பற்றி நாளை நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள்?" என்று கேட்பார். இந்த முன்னோட்ட வரிக்கு டீஸ் என்று பெயர், பதிலைச் சொல்லாமல் ஆர்வத்தை மட்டும் கிளப்பிவிடுவது.

எண் ஒன்றுதான் மிக முக்கியமானது என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் கனமான அரசியல் செய்தி ஐந்திலும் நான்கிலும் முடிந்துவிடும். ஒன்றை நெருங்க நெருங்க விஷயம் லேசாகும், சினிமா நட்சத்திரக் கதைகள்கூட வரும். காரணம் எளிது. மணி எட்டானதும் அதிகம் பேர் உள்ளே வருகிறார்கள், அவர்களை முதல் பிளாக்கிலேயே பிடித்தாக வேண்டும். அதனால் ஏ-பிளாக்தான் நீளமானது, வலுவானது. பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் கால் மணி நேரக் கணக்கிலும் அளப்பதால், ஒரு கால் மணியைத் தாண்டிய பிறகு இடைவேளை விடுவது இந்தத் தொழிலில் பழகிப்போன உத்தி. பிற்பாதியில் இருப்பவர்கள் எப்படியும் தங்குபவர்கள். அவர்களை எண் இறங்குவதே கூட்டிக்கொண்டு போகும். விளம்பர விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பார்வையாளர்களைவிட 25 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் என்பதும் உள்ளடக்கத்தின் தொனியில் தெரியும்.

நடுவில் 'ஆட்பால்' என்று ஒரு பகுதி: உலகின் எங்கோ நடந்த விசித்திரமான வீடியோக்கள், மேலே ஓல்பர்மனின் வர்ணனை. பிறகு 2005-இல் சேர்ந்த 'உலகின் மிக மோசமான ஆள்'. மூன்று பேரைப் பட்டியலிட்டு, மூன்றாவது ஆளுக்கு அன்றைய பட்டம் கொடுப்பார். அதே நேரத்தில் எதிர் சேனலில் வந்த ஓ'ரைலி அடிக்கடி அந்தப் பட்டத்தை வாங்கினார். தன் பார்வையாளர்களுக்கு எதிராளி யார் என்று காட்டிக்கொண்டே இருப்பதும் இந்த வடிவத்தின் ஓர் உறுப்புதான்.

முடிவும் ஒரே மாதிரிதான். 2003 மே 1 அன்று அதிபர் புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் நின்று, 'பணி முடிந்தது' என்ற பேனருக்குக் கீழே இராக் போர் பற்றிப் பேசினாரே, அதிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்று சொல்வார். அடுத்து "குட் நைட் அண்ட் குட் லக்". 1950-களில், கம்யூனிஸ்ட் என்று பலர்மீது குற்றம் சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தியைத் தொலைக்காட்சியில் எதிர்கொண்ட சிபிஎஸ் செய்தியாளர் எட்வர்ட் ஆர். மர்ரோவின் விடைபெறும் வாசகம் அது. கையிலிருந்த தாள்களைக் கசக்கி கேமராவை நோக்கி எறிவார். முகப்பு இசை பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி. என்பிசியின் பழைய 'ஹன்ட்லி–பிரிங்க்லி' செய்தி அதை வைத்துத்தான் முடியும். இசையும் வாசகமும் சேர்ந்து, நான் பழைய மரியாதைக்குரிய செய்தி மரபின் வாரிசு என்று ஒவ்வொரு இரவும் சொல்லிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலையான சட்டகம், கனமான தொடக்கம், போகப் போக லேசாகும் வரிசை, மாறாத சடங்குகள். செய்தி தினமும் மாறும், சட்டகம் மாறாது. விடாமல் வருபவர்களை வரவைப்பது அந்தச் சட்டகம்தான்.

## விவாதம் எங்கே?

தமிழ்ச் செய்திச் சேனல்களின் இரவு விவாதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் குழப்பம் வரும். நம் ஊரில் நெறியாளர் நடுவில், நான்கு கட்சிக்காரர்கள் சுற்றிலும். அமெரிக்காவிலும் அப்படி ஒரு மரபு உண்டு. சிஎன்என்னின் 'கிராஸ்ஃபயர்' 1982 முதல் 2005 வரை இடதுசாரி ஒருவரையும் வலதுசாரி ஒருவரையும் மோதவிட்டது. 2004 அக்டோபரில் நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் அங்கேயே விருந்தினராக வந்து, நீங்கள் செய்வது நாட்டுக்குக் கெடுதல் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சில மாதங்களில் நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவும் வந்துவிட்டது.

கவுன்ட்டவுன் இதற்கு நேர் எதிர் வழியில் போனது. ஓல்பர்மன் முதலில் எழுதிவைத்த அறிமுகத்தை வாசிப்பார். பிறகு பத்திரிகையாளர் யூஜின் ராபின்சனோ ஹோவர்ட் ஃபைன்மனோ சட்டப் பேராசிரியர் ஜோனதன் டர்லியோ வருவார். அவர்கள் பெரும்பாலும் மோத வருபவர்கள் அல்லர். வேறொரு ஊரில் சின்ன ஸ்டூடியோவில், காதில் ஒரு கருவியோடு, ஆள் முகம் தெரியாமல் வெறும் லென்ஸைப் பார்த்துப் பேசுவார்கள். மூன்று நான்கு கேள்விகள், ஐந்தாறு நிமிடம், அவ்வளவுதான். தொகுப்பாளர் போட்ட கோட்டுக்கு அவர்கள் விவரம் சேர்ப்பார்கள், சட்ட நுணுக்கம் சொல்வார்கள், சில நேரம் மெல்லத் திருத்துவார்கள்.

சத்தம் குறைவு என்பது இதில் நல்லது. குறுக்குக் கேள்வி இல்லை என்பது பெரிய குறை. ஒரே பக்கத்துக் கருத்தை இரண்டு அறிவாளிகள் அமைதியாகப் பகிர்ந்துகொள்ளும்போது, மறுபக்கம் என்ன சொல்லியிருக்கும் என்ற கேள்வியே பார்ப்பவர் மனதில் எழாமல் போகலாம். இந்த வடிவத்தின் மிகப் பெரிய ஆபத்து கத்தல் அல்ல, இந்த இணக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

## செய்திக்கும் கருத்துக்கும் நடுவே உள்ள கோடு

ஆரம்ப ஆண்டுகளில் கவுன்ட்டவுன் இவ்வளவு அரசியல் சார்பாக இல்லை. 2006 ஆகஸ்ட் 30 ஒரு திருப்பம். பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், போரை விமர்சிப்பவர்களை நாஜிகளிடம் பணிந்துபோனவர்களோடு ஒப்பிடும் தொனியில் பேசியிருந்தார். அதற்கு ஓல்பர்மன் கேமராவைப் பார்த்துச் சில நிமிடம் பதில் சொன்னார், முடிவில் மர்ரோவை மேற்கோள் காட்டினார். 'சிறப்புக் கருத்துரை' என்ற அந்தப் பகுதி பெரும் வரவேற்பைப் பெற்றது. பார்வையாளர்கள் கூடினார்கள், சேனலும் மெல்ல மெல்ல அந்தத் திசையில் சாய்ந்தது.

அதை 'கருத்துரை' என்று பெயர் சொல்லித்தான் கொடுத்தார். அதில் மறைவு எதுவும் இல்லை. சிக்கல் வந்தது அதே ஆளைச் செய்தி நாற்காலியிலும் உட்காரவைத்தபோது. 2008 தேர்தலில் கட்சி மாநாடுகளின் நேரலையை ஓல்பர்மனும் கிறிஸ் மாத்யூஸும் தொகுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பரில் அந்தப் பொறுப்பைச் செய்தியாளர் டேவிட் கிரெகரிக்கு மாற்றி, இவர்களை விமர்சகர்களாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

2010 நவம்பரில் இன்னொரு உரசல். மூன்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு அவர் ஆளுக்கு 2,400 டாலர் நன்கொடை கொடுத்திருந்தார். நிறுவன விதிப்படி முன் அனுமதி வாங்கவில்லை என்று நவம்பர் 5 அன்று சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தார்கள். 9-ஆம் தேதி திரும்ப வந்துவிட்டார். இரவுதோறும் வெளிப்படையாக ஒரு பக்கம் பேசுபவருக்கு நிருபருக்கான விதி பொருந்துமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. கருத்து நிகழ்ச்சியைச் செய்தி நிறுவனம் நடத்தும்போது இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே ஒரு துண்டு கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது சேனலின் பெயரை அல்ல. அது எந்த நிகழ்ச்சி, எந்த நேரம், பேசுபவர் களத்திலிருந்து தகவல் தருகிறாரா, மேசையிலிருந்து தன் வாதத்தை வைக்கிறாரா என்று பாருங்கள். அவர் காட்டும் ஆவணமும் எண்ணும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வு முழுக்க அவருடையது.

## எட்டு மணிக்குப் பிறகு

2011 ஜனவரி 21 அன்று நிகழ்ச்சியின் முடிவில், இதுதான் கடைசி என்று ஓல்பர்மன் சொன்னபோது பார்வையாளர்கள் திகைத்துப் போனார்கள். அதே பெயரோடு கரன்ட் டிவி என்ற வேறொரு கேபிள் சேனலுக்குப் போனார், அது ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஆனால் அவர் போட்ட பாதை நிலைத்தது. அவருக்குப் பதிலாக அவ்வப்போது நடத்திய ரேச்சல் மேடோ, 2008 செப்டம்பர் 8 முதல் ஒன்பது மணிக்குத் தனி நிகழ்ச்சி தொடங்கி, ஏ-பிளாக்கை இருபது நிமிடம் வரை நீளும் கதை சொல்லலாக மாற்றினார். பழைய ஆவணத்தில் தொடங்கி அன்றைய செய்தியில் வந்து முடியும் உரைகள் அவை. 2022 மே முதல் அவர் பெரும்பாலும் திங்கட்கிழமை மட்டும் வருகிறார். எதிர் சேனலில் ஓ'ரைலி 2017-இல் வெளியேற்றப்பட்டார். அந்த எட்டு மணிக்கு வந்த டக்கர் கார்ல்சனும் 2023 ஏப்ரலில் போனார். இரண்டு முறையும் நாற்காலியை வேறொருவர் நிரப்பினார்.

இப்போது ஆட்டம் காண்பது அடித்தளம். அமெரிக்க வீடுகள் கேபிள் இணைப்பை வரிசையாகத் துண்டித்து வருவதால் இணைப்புக் கட்டணம் சுருங்குகிறது. என்பிசியின் தாய் நிறுவனம் தன் கேபிள் சேனல்களில் பெரும்பாலானவற்றைத் தனி நிறுவனமாகப் பிரிக்க முடிவு செய்தது. எம்எஸ்என்பிசி என்ற பெயரும் 2025 நவம்பரில் எம்எஸ் நவ் என்று மாறியது.

ஓல்பர்மன் 2022 ஆகஸ்டில் கவுன்ட்டவுனைப் பாட்காஸ்டாகத் திரும்பத் தொடங்கினார். கருத்துரை இருக்கிறது, மோசமான ஆள் பட்டியல் இருக்கிறது. 2010-இல் நோயுற்றிருந்த தந்தைக்கு வாசித்துக் காட்டி, அவர் சொன்னதன் பேரில் வெள்ளிக்கிழமைகளில் டிவியிலும் வாசித்தாரே, நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பரின் அந்தக் கதைகளும் இருக்கின்றன. கேமராவும் எட்டு மணியும்தான் இல்லை. கேட்பவர்களுக்கு கேபிள் இணைப்பே தேவையில்லை.